பதினாறு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தும் எடை ஏன் நின்றுபோனது?

கேட்டவருக்கு வயது 36, உயரம் 165 சென்டிமீட்டர், தொடங்கும்போது எடை 84 கிலோ. நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கிற வேலை. நோய் எதுவும் இல்லை, மாத்திரையும் இல்லை. ஐந்து வாரமாக 16:8 முறையில் இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங் இருக்கிறார். அதாவது காலை உணவை விட்டுவிட்டு மதியம் 12 மணியிலிருந்து இரவு 8 மணி வரை மட்டும் சாப்பிடுகிறார். முதல் பத்து நாளில் இரண்டரை கிலோ இறங்கியது. அதன்பிறகு முள் அசையவில்லை. காலையில் தலைவலி வேறு. “பதினாறு போதாது, இருபது மணி நேரமாக்கு, அப்போதுதான் ஆட்டோஃபேஜி தொடங்கும்” என்கிறார் நண்பர். “வெறும் வயிற்றோடு கிடந்தால் அல்சர் வரும்” என்கிறார்கள் வீட்டில். தொடர்வதா, கூட்டுவதா, விடுவதா என்பது கேள்வி.

உணவு ஆலோசனை சொல்வதுதான் என் வேலை. பதினான்கு வருடமாகச் சொல்லி வருகிறேன். நடுவில் நானே நாலு மாதம் இதே முறையில் இருந்தும் பார்த்தேன். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். கூட்ட வேண்டாம். விடவும் வேண்டாம், இப்போதைக்கு. கடிகாரம் ஒரு வேலி மாதிரி. ஆடு வெளியே போகாமல் அது பார்த்துக்கொள்ளும். உள்ளே ஆடு எவ்வளவு மேய்கிறது என்பது வேலிக்குத் தெரியாது. உங்கள் பிரச்சினை முழுக்க வேலிக்கு உள்ளே இருக்கிறது.

முதலில் அந்த இரண்டரை கிலோவைப் பார்ப்போம். உடம்பு மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேர்த்து வைக்கிறது. கல்லீரலில் ஏறக்குறைய 100 கிராம், தசைகளில் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு. ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். ஒரு வேளை உணவு நின்றதும் இந்தக் கையிருப்பு கொஞ்சம் இறங்குகிறது, பிடித்து வைத்த தண்ணீரும் போய்விடுகிறது. ஒரு வேளை உப்பு குறைவதாலும் தண்ணீர் இறங்கும். குடலில் எந்நேரமும் கிடக்கிற உணவின் கனமும் குறையும். எடைக் கருவி இதையெல்லாம் பிரித்துச் சொல்லாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். இரண்டரை கிலோவுக்கு 19,000-க்கும் மேல். அது பத்து நாளில் நடக்க வேண்டுமானால் நாளுக்கு 1,900 கலோரி பற்றாக்குறை. உங்கள் உயரத்துக்கும் எடைக்கும், உட்கார்ந்த வேலையில், உடம்பு ஒரு நாளில் செலவழிப்பதே சுமார் 2,000 முதல் 2,200 கலோரிதான். பத்து நாளும் ஏறத்தாழ ஒன்றுமே சாப்பிடாமல் இருந்திருந்தால்தான் இரண்டரை கிலோ கொழுப்பு போயிருக்கும். நீங்கள் தினமும் எட்டு மணி நேரம் சாப்பிட்டிருக்கிறீர்கள். ஆகவே உண்மையில் போன கொழுப்பு அரைக் கிலோ, மிஞ்சினால் முக்கால் கிலோ. மீதி தண்ணீர். முதல் வாரத்து வேகத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு அடுத்த வாரங்களைப் பார்த்தால் எல்லோருக்கும் மனம் உடைந்துதான் போகும்.

சரி, தண்ணீர் போனது போகட்டும், அடுத்த மூன்று வாரம் கொழுப்பாவது இறங்கியிருக்க வேண்டாமா? வேண்டும். இறங்கவில்லை என்றால் எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிடுவதும் இருபத்து நாலு மணி நேரத்தில் செலவாவதும் சமமாகிவிட்டது என்று பொருள். இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை.

2020-இல் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வைப் படித்தால் உங்கள் கதையை எழுதி வைத்தது போல் இருக்கும். 116 பேர், 12 வாரம். ஒரு பிரிவுக்கு உங்களுடைய அதே நேரம், மதியம் 12 முதல் இரவு 8 வரை. இன்னொரு பிரிவு வழக்கம்போல் மூன்று வேளை. என்ன சாப்பிட வேண்டும், எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. முடிவில், நேரம் பார்த்துச் சாப்பிட்டவர்களுக்குச் சராசரியாக 0.94 கிலோ குறைந்தது. மற்றவர்களுக்கு 0.68 கிலோ. இடையில் இருப்பது கால் கிலோ. புள்ளியியல் கணக்கில் அது வித்தியாசமே இல்லை.

இதை மட்டும் படித்துவிட்டு “எல்லாம் ஏமாற்று வேலை” என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. அவர்கள் 2023-இல் சிகாகோவிலிருந்து வந்த ஆய்வையும் படிக்க வேண்டும். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டா வராடி என்ற பேராசிரியர் இந்தத் துறையில் நெடுநாளாக வேலை செய்கிறார். அவருடைய குழு உடல் பருமன் உள்ள 90 பேரை ஒரு வருடம் தொடர்ந்தது. ஒரு பிரிவுக்கு அதே மதியம் 12 முதல் இரவு 8 வரை. ஆறு மாதம் கழித்து அதைப் பத்து மணி நேரமாகத் தளர்த்தினார்கள். இன்னொரு பிரிவு கலோரி எண்ணிச் சாப்பிட்டது. மூன்றாவது பிரிவு எதையும் மாற்றவில்லை. வருட முடிவில், எதையும் மாற்றாதவர்களோடு ஒப்பிட்டால், நேரம் பார்த்தவர்களுக்கு 4.6 கிலோ குறைந்திருந்தது. கலோரி எண்ணியவர்களுக்கு 5.4 கிலோ. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நேரம் பார்த்தவர்கள் எதையும் எண்ணாமலே நாளுக்குச் சுமார் 425 கலோரி குறைவாகச் சாப்பிட்டிருந்தார்கள்.

ஒரே நேரம், ஒரே வேலி. ஒன்றில் கால் கிலோ, மற்றதில் நாலரை கிலோ. நடுவில் இருப்பது அந்த 425 கலோரிதான். சிலருக்குக் கடிகாரம் அதைத் தானாகக் குறைத்துக் கொடுக்கிறது. சிலருக்குக் கொடுப்பதில்லை. இன்னும் சந்தேகம் இருந்தால் சீனாவின் குவாங்சோவில் 139 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வு இருக்கிறது. அங்கே எல்லோருக்கும் கலோரியைக் குறைத்தார்கள். ஒரு பிரிவு மட்டும் கூடவே காலை 8 முதல் மாலை 4 வரைதான் சாப்பிட்டது. ஒரு வருடத்தில் நேரம் பார்த்தவர்களுக்கு 8 கிலோ, பார்க்காதவர்களுக்கு 6.3 கிலோ. அந்த இடைவெளி தற்செயலாக வந்திருக்கலாம் என்றே ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள். சாப்பாட்டின் அளவு சமமானால் கடிகாரத்துக்குப் பெரிய பங்கு மிஞ்சுவதில்லை.

உங்கள் 425 கலோரி எங்கே போனது? என்னிடம் வருகிறவர்களின் குறிப்பேடுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கிற இடங்களைச் சொல்கிறேன், உங்களுடையது எது என்று நீங்களே பாருங்கள். முதலாவது, பட்டினியை முடிக்கிற அந்த முதல் சாப்பாடு. பதினாறு மணி நேரம் பொறுத்தவனுக்குத் தட்டு நிறைய உரிமை இருப்பதாகத் தோன்றும். பசி வேகத்தில் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவோம், வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போக இருபது நிமிடமாவது ஆகும். இரண்டாவது, இரவு ஏழே முக்கால். “இன்னும் கால் மணி நேரத்தில் கதவு சாத்திவிடும்” என்ற பதற்றத்தில், பசியே இல்லாமல், எதற்கும் இருக்கட்டும் என்று உள்ளே போகிறவை. நான் இருந்த நாலு மாதத்தில் என்னைக் கவிழ்த்தது இதுதான். அதுவரை இரவு ஏழே முக்காலுக்கு வறுத்த கடலையைத் தேடிப் போனவனே இல்லை நான். மூன்றாவது, குடிப்பவை. சர்க்கரை போட்ட பானம், பழச்சாறு, மது எல்லாம் பசியை அடக்காமலே கணக்கில் ஏறும். நாலாவது, விடுமுறை நாட்கள். ஐந்து நாளில் சேர்த்த பற்றாக்குறையை இரண்டு நாளில் திருப்பிக் கட்டுவது மிகச் சுலபம்.

ஐந்தாவது ஒன்று இருக்கிறது, அது தட்டில் தெரியாது. இங்கிலாந்தின் பாத் நகரில் 2014-இல் வெளியான ஆய்வில், காலையில் சாப்பிடாதவர்கள் சாப்பிட்டவர்களைவிடக் குறைவாக நடமாடியதை உடலில் கட்டிய கருவிகளை வைத்துக் கண்டார்கள். அவர்கள் சோம்பேறிகளாகிவிட்டதாக நினைக்க வேண்டாம். எழுந்து போய் எடுக்க வேண்டியதை நாளைக்குத் தள்ளுவது, மாடிப்படிக்குப் பதில் லிஃப்டில் ஏறுவது என்று உடம்பு நமக்குத் தெரியாமலே சிக்கனம் பிடிக்கும். உட்கார்ந்த வேலை பார்க்கிற உங்களுக்கு இது கூடுதலாகவே பொருந்தும்.

காலையில் “ஒன்றும் சாப்பிடுவதில்லை, காபி மட்டும்தான்” என்று சொல்கிறவர்களிடம் நான் உடனே கேட்பது, பாலும் சர்க்கரையும் உண்டா என்பது. உண்டு என்றால் அது காபி என்ற பெயரில் ஒரு சின்னச் சாப்பாடு. வெறும் தண்ணீர், பால் சர்க்கரை இல்லாத காபி, டீ இவை பரவாயில்லை.

இப்போது நண்பரின் ஆட்டோஃபேஜிக்கு வருவோம். செல் தன்னுள் பழுதான பாகங்களைத் தானே உடைத்து மறுபடி பயன்படுத்திக்கொள்கிற ஏற்பாடு அது. அதன் மரபணுக்களைக் கண்டுபிடித்த ஜப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அவர் ஆராய்ந்தது ஈஸ்ட் செல்களை. அந்தப் பரிசு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து, பதினாறாவது மணியில் நம் உடம்பில் ஏதோ சுவிட்ச் விழுவது போன்ற படங்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. அப்படி ஒரு மணிக்கணக்கை மனிதர்களில் யாரும் நிறுவவில்லை. ஆட்டோஃபேஜி எப்போதும் கொஞ்சம் நடந்துகொண்டே இருக்கிறது. உடற்பயிற்சியும் அதைத் தூண்டும். எப்படியானாலும் அதற்கும் இடுப்புச் சுற்றளவுக்கும் சம்பந்தம் இல்லை. எடை குறைக்க வந்தவர் ஆட்டோஃபேஜியை எண்ணிக்கொண்டிருப்பது, ரயிலுக்குக் காத்திருப்பவர் விமானம் வருகிறதா என்று வானத்தைப் பார்ப்பது போல.

எலிகளின் கதையும் இப்படித்தான். 2012-இல் அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் சச்சின் பாண்டா குழு ஒரு சோதனை செய்தது. கொழுப்பு மிகுந்த தீனியை ஒரு கூட்டம் எலிகளுக்கு நாள் முழுக்கக் கிடைக்கச் செய்தார்கள், இன்னொரு கூட்டத்துக்கு எட்டு மணி நேரம் மட்டும். இரண்டும் தின்ற கலோரி ஒன்றே. ஆனாலும் எட்டு மணி நேர எலிகள் பருக்கவில்லை. அருமையான ஆய்வு, இந்தத் துறையையே எழுப்பி விட்டது. ஆனால் எலி ஒரு நாள் பட்டினி கிடப்பது நாம் பல நாள் கிடப்பதற்குச் சமம். எலியின் பதினாறு மணி நேரத்தை அப்படியே தூக்கி மனிதனின் பதினாறு மணி நேரத்தில் பொருத்தியதுதான் கோளாறு.

இருபது மணி நேரமாக்குவது பற்றி. எனக்கு இதில் இருக்கிற முதல் கவலை தசை. முன்பு சொன்ன சான் பிரான்சிஸ்கோ ஆய்வில் சிலரை மட்டும் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். நேரம் பார்த்தவர்களிடம் குறைந்த எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கொழுப்பு இல்லாத திசு, பெரும்பாலும் தசை. சாதாரண எடைக்குறைப்பில் அது நாலில் ஒரு பங்கைச் சுற்றித்தான் இருக்கும். மற்ற ஆய்வுகளில் இவ்வளவு மோசமாக வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் காரணம் ஊகிக்கக் கூடியதே: சாப்பிடும் வேளை குறையும்போது புரதம்தான் முதலில் அடிபடுகிறது. எடை குறைக்கும் காலத்தில் ஒரு கிலோ எடைக்கு 1.2 கிராமாவது புரதம் வேண்டும். உங்களுக்கு அது 95 முதல் 100 கிராம் வரை. எட்டு மணி நேரத்தில், வேளைக்கு முப்பது கிராமுக்கு மேல் என்று மூன்று வேளையில் இதைச் சாப்பிட்டுவிடலாம். நாலு மணி நேரத்தில் முயன்று பாருங்கள், தொண்டைக்குள் இறங்காது. முட்டை, மீன், கோழி, தயிர், பருப்பு, சோயா என்று எது உங்களுக்கு ஒத்துவருமோ அதைத் தட்டில் முதலில் வையுங்கள். கூடவே வாரத்தில் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை கொடுக்கிற பயிற்சி. பளு தூக்க இடமில்லை என்றால் தண்டால், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது கூடப் போதும், மூச்சு வாங்கும் அளவுக்குச் செய்தால்.

இரண்டாவது கவலை, தாக்குப் பிடிப்பது. ஒருநாள் விட்டு ஒருநாள் பட்டினி இருக்கிற கடுமையான முறையை வராடி குழுவே 100 பேரிடம் ஒரு வருடம் சோதித்து 2017-இல் வெளியிட்டது. அந்தப் பிரிவில் 38 சதவீதம் பேர் பாதியில் விலகிவிட்டார்கள். தினமும் கொஞ்சம் குறைத்துச் சாப்பிட்டவர்களில் 29 சதவீதம். எடைக் குறைவோ இரண்டிலும் ஒன்றுதான். கடுமையைக் கூட்டினால் பலன் கூடும் என்ற நினைப்பு நமக்குள் ஊறியது. நீண்ட பட்டினியைப் புகழ்கிறவர்கள், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆங்கஸ் பார்பியரி 1965-66-இல் 382 நாள் சாப்பிடாமல் இருந்து 207 கிலோவிலிருந்து 82 கிலோவுக்கு வந்ததைச் சொல்லாமல் விடமாட்டார்கள். அவரை டன்டீ நகர மருத்துவர்கள் கண்காணித்தார்கள், ரத்தத்தைத் தொடர்ந்து சோதித்தார்கள், வைட்டமினும் தேவைப்பட்டபோது பொட்டாசியமும் கொடுத்தார்கள் என்ற பகுதியைத்தான் விட்டுவிடுவார்கள். அதே காலத்தில் நீண்ட பட்டினி சிகிச்சையில் இறந்தவர்களும் உண்டு.

மணி நேரத்தைக் கூட்டுவதற்குப் பதில் அதை முன்னால் நகர்த்துவதில் எனக்கு நம்பிக்கை அதிகம். அலபாமா பல்கலைக்கழகத்தில் 2022-இல் வெளியான ஆய்வில், காலை 7 முதல் மாலை 3 வரை சாப்பிட்டவர்களுக்கு 14 வாரத்தில் 6.3 கிலோ குறைந்தது. அதே ஆலோசனையோடு பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பரப்பிச் சாப்பிட்டவர்களுக்கு 4 கிலோ. அதே ஆண்டு பாஸ்டனில் 16 பேரை ஆய்வகத்தில் வைத்து, ஒரே உணவை நாலு மணி நேரம் தள்ளிக் கொடுத்துப் பார்த்தார்கள். தள்ளிச் சாப்பிட்டபோது பசி கூடியது, உடம்பு செலவழித்த சக்தி குறைந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் மிகக் கவனமாகச் செய்தது. இன்சுலின் வேலை செய்யும் திறன் காலையில் நன்றாகவும் இரவில் மந்தமாகவும் இருப்பதும் தெரிந்த விஷயம்.

அதற்காக மாலை மூன்று மணிக்குத் தட்டைக் கழுவி வையுங்கள் என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்காரும் ஒரே வேளை இரவுச் சாப்பாடு என்றால், அதை இழந்து பெறுகிற ஒன்றிரண்டு கிலோ நிலைக்காது. நீங்கள் 12–8 என்பதை 10–6 அல்லது 10–7 ஆக்கலாம். பத்து மணி நேரம் திறந்து வைத்தால்கூட நஷ்டமில்லை. படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பு வாயை மூடிவிட்டால் சரி.

இந்த நகர்த்தல் தலைவலிக்கும் உதவும். காலைத் தலைவலிக்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். தண்ணீர் போதாமை, காலை உணவோடு நிறைய தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருந்தது, இப்போது அது இல்லை. உப்பு குறைந்தது. அப்புறம் காபி, டீயைத் திடீரென்று நிறுத்தியது. எழுந்ததும் இரண்டு டம்ளர் தண்ணீர், வழக்கமான நேரத்தில் பால் இல்லாத காபி. ஒரு வாரத்தில் போக வேண்டும். போகாமல் மயக்கம், படபடப்பு, கைநடுக்கம் என்று வந்தால் பட்டினியை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். பசி வேறு விஷயம். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தில் அலை மாதிரி எழுந்து, சாப்பிடாவிட்டாலும் தானே அடங்கிவிடும். நேரம் மாறினால் இரண்டு மூன்று வாரத்தில் அலையும் இடம் மாறிக்கொள்ளும்.

வீட்டில் சொல்கிற அல்சர். இது பட்டினியால் வருவதல்ல. பெரும்பாலான வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. அடுத்தது அடிக்கடி விழுங்கும் வலி மாத்திரைகள். பாக்டீரியாவின் பங்கை நிரூபித்த பேரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005-இல் நோபல் கிடைத்தது; மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்துக் காட்டியவர். ஆனால் வீட்டில் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஏற்கெனவே புண்ணோ நெஞ்செரிச்சலோ இருப்பவருக்கு வெறும் வயிறு வேதனையைக் கூட்டலாம். நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஒரேயடியாக நிரப்பினால் நெஞ்செரிச்சல் நிச்சயம். வயிறு எரிகிறது என்றால் “பழகிவிடும்” என்று பல்லைக் கடிக்காமல் சோதித்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு மாத்திரை எதுவும் இல்லை என்றீர்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக அடுத்த பகுதியைக் கொஞ்சம் அழுத்தியே எழுதுகிறேன். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமெபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளையைக்கூட விடக் கூடாது. மருந்து வேலை செய்துகொண்டிருக்கும், வயிற்றில் உணவு இருக்காது, ரத்தச் சர்க்கரை சரிந்துவிடும். 70-க்குக் கீழே போனால் அங்கேயே பட்டினி முடிந்தது; 15 கிராம் சர்க்கரையோ குளுக்கோஸோ எடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகளில் ஆபத்து வேறு மாதிரி: சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறிவிடலாம். வாந்தி, வயிற்று வலி, வேகமான மூச்சு என்றால் அவசர சிகிச்சைதான். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு ஆபத்து குறைவு, அவர்களும் கேட்டுவிட்டே தொடங்கட்டும். ரத்த அழுத்த மாத்திரையும் சிறுநீர் பிரியும் மாத்திரையும் எடுப்பவர்களுக்கு அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றும்.

கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் யாருக்கும் இது வேண்டாம். உடம்பு மெலிந்த முதியவர்களுக்கும் வேண்டாம், அவர்களுக்குத் தசைதான் சொத்து. பித்தப்பைக் கல், கவுட் (யூரிக் அமிலம் படிந்து வரும் மூட்டு வலி) இருப்பவர்களுக்கு நீண்ட பட்டினி அதைக் கிளப்பிவிடலாம். முன்பு எப்போதாவது உணவை வெறுத்து ஒதுக்கியோ, கட்டுமீறித் தின்று வாந்தி எடுத்தோ அவதிப்பட்டவர்கள் தயவுசெய்து கிட்டேயே போக வேண்டாம். பட்டினிக்கு இப்போது இருக்கிற நல்ல பெயர் அந்தப் பழைய நோய்க்கு வசதியான முகமூடி ஆகிவிடும். நான் பார்த்த வரையில் இந்த முறையால் உண்மையான சேதம் நேர்ந்தது இவர்களுக்குத்தான். மாதவிடாய் தள்ளிப்போகிறது, நின்றுவிட்டது என்றால் அது நிறுத்தச் சொல்லும் சமிக்ஞை.

2024-இல் “எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிடுகிறவர்களுக்கு இதய நோய் மரணம் 91 சதவீதம் அதிகம்” என்று செய்தி வந்து பலரும் பயந்தார்கள். ஒரு மாநாட்டில் வாசிக்கப்பட்ட சுருக்கம் அது. இரண்டே நாளில் என்ன, எப்போது சாப்பிட்டார்கள் என்று கேட்டுக்கொண்டு, பல வருடம் கழித்து இறந்தவர்களை எண்ணினார்கள். நோயாலோ, தனிமையாலோ, வேலைப் பளுவாலோ சரியாகச் சாப்பிடாதவர்களும் அந்த எட்டு மணி நேரக் கூட்டத்தில் அடக்கம். அதை வைத்துப் பயப்பட வேண்டியதில்லை. இதயம் காக்கும் என்று சொல்வதற்கும் அதே அளவு எச்சரிக்கை வேண்டும்.

தினமும் நேரம் பார்ப்பது ஒத்துவராதவர்களுக்கு 5:2 உண்டு. பிரிட்டனின் தொலைக்காட்சிப் பத்திரிகையாளர் மைக்கேல் மோஸ்லி 2012-இல் பிபிசி நிகழ்ச்சியில் பரப்பியது. வாரத்தில் இரண்டு நாள் பெண்கள் 500, ஆண்கள் 600 கலோரி. மற்ற நாட்களில் சாதாரணமாக. கட்டுப்பாடு இரண்டு நாளோடு முடிவதால் சிலருக்கு இதுதான் பிடிக்கிறது. பலனும் மற்ற முறைகளை ஒட்டியே இருக்கிறது.

உங்களுக்கு நான் சொல்வது நாலு வாரம். முதல் வாரம் எதையும் மாற்றாமல், வாய்க்குள் போகிற ஒவ்வொன்றையும் மணியோடு எழுதுங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம், பொய்யும் எழுத வேண்டாம். வார முடிவில் ஓட்டை எது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அநேகமாக ஒன்று அல்லது இரண்டுதான் இருக்கும். இரண்டாவது வாரத்திலிருந்து நேரத்தை 10–6 அல்லது 10–7 ஆக்கி, அந்த ஓட்டையை மட்டும் அடையுங்கள். ஒவ்வொரு வேளையிலும் புரதம், பாதித் தட்டு காய்கறி. சாப்பிட்டபின் பதினைந்து நிமிட நடை. எடையைத் தினமும் காலையில் ஒரே நேரத்தில் பாருங்கள், ஆனால் ஏழு நாள் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். உப்பு, தூக்கம், மாதவிடாய் எல்லாம் ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ஏற்றி இறக்கும். இடுப்பையும் தொப்புள் மட்டத்தில் அளந்து வையுங்கள்.

வாரத்துக்கு அரைக் கிலோவுக்குக் கீழே, 300 அல்லது 400 கிராம் வீதம் சராசரி இறங்கினால் போதும். ஐந்து சதவீதம், அதாவது உங்களுக்கு நாலு கிலோ சொச்சம் குறைந்தாலே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கண்ணுக்குத் தெரியும்படி மாறத் தொடங்கும். நாலு வாரம் கழித்தும் சராசரி அசையாவிட்டால் கடிகாரத்தை விட்டுவிட்டு, மூன்று வேளை அளந்து சாப்பிடும் முறைக்குப் போங்கள். தைராய்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நானும் கடிகாரத்தை விட்டவன்தான். முதல் இரண்டு மாதத்தில் மூன்று கிலோ குறைந்தது. மூன்றாவது மாதத்திலிருந்து காலை பதினோரு மணிக்கு எதிரில் யார் வந்தாலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். இப்போது காலையில் சாப்பிடுகிறேன். இரவு எட்டு மணிக்கு மேல் சாப்பிடுவதில்லை என்ற ஒன்று மட்டும் அந்த நாலு மாதத்திலிருந்து மிஞ்சியிருக்கிறது. அந்த மூன்று கிலோவும் திரும்பி வரவில்லை.